சட்டைக்கு அளவு பார்க்கிறோம்... சைக்கிளுக்கு?

போன வருஷம் தீபாவளிக்குத் திண்டிவனத்தில் என் மைத்துனன் வீட்டுக்குப் போயிருந்தேன். வராந்தாவில் பளபளவென்று ஒரு பந்தய சைக்கிள். ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், கட்டைவிரல் தடிமனில் டயர்... அதன்மேல் ஒரு துண்டும், பையனின் யூனிஃபார்ம் சட்டையும் காய்ந்துகொண்டிருந்தன!

"42 ஆயிரத்துக்குத் துணி காயப்போடற ஸ்டாண்டு வாங்கியிருக்காருண்ணா!" என்றாள் அவன் மனைவி.

மைத்துனனும் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. காரணம் இருக்கிறது. அவனுக்கு வயது 41. அதற்கு நாலு மாதம் முன்னால்தான், அவனுக்கும் சர்க்கரை வந்துவிட்டது என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. அவன் அப்பாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, சர்க்கரையால் கால் விரல்கள் இரண்டை எடுத்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவன் இவன். தன்னுடைய ரிசல்ட்டைப் பார்த்ததும் ஆடிப்போய் எனக்குப் போன் செய்தான். "மாமா, இனிமே தினமும் சைக்கிள் மிதிக்கப் போறேன். முடிவு பண்ணிட்டேன்."

அந்த வாரமே ஆன்லைனில் சைக்கிள் வாங்கினான். மூன்றே மூன்று வாரம் ஓட்டினான். அப்புறம்?

"எனக்குச் சைக்கிள் ஒத்துக்கலை மாமா. கழுத்து வலி. கை மரத்துப் போகுது. முட்டி வேற வலிக்குது. விட்டுட்டேன்."

சைக்கிள் ஓட்டுவது அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? இல்லைங்க. அந்தச் சைக்கிள் அவனுக்கு ஒத்துவரவில்லை. இரண்டும் வேறு வேறு! ஆனால், முதல்முறையாக சைக்கிள் வாங்கும் நடுத்தர வயதுக்காரருக்கு இந்த வித்தியாசம் புரிவதில்லை. 'நம்ம உடம்புக்கு இதெல்லாம் சரிப்படாது' என்று தீர்மானித்து மறுபடியும் பைக் சாவியை எடுத்துவிடுகிறார். போனது 42 ஆயிரம் மட்டும் என்றால் பரவாயில்லை. உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று வாழ்க்கையில் ஒருமுறை வந்த வேகமும் அதோடு போய்விடுகிறது. நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தினமும் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் மிதித்தால் கணக்கு சரியாகிவிடும். உடம்பின் பாரத்தை சீட் தாங்கிக்கொள்வதால், ஓடுவதைவிட முட்டிக்கு இது இதமான பயிற்சி. அப்படிப்பட்ட பயிற்சியில் முட்டி வலிக்கிறது என்றால், பெரும்பாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது சைக்கிளின் அளவைத்தான்.

கடையில் நாம் என்ன கேட்கிறோம்?

"எத்தனை கியர்? என்ன கம்பெனி? எவ்வளவு தள்ளுபடி?" இந்த மூன்று கேள்விதான். "என் உயரத்துக்கு எந்த அளவு சார்?" என்று கேட்பவர் எத்தனை பேர்? 600 ரூபாய்க்குச் சட்டை எடுக்கும்போது 40-ஆ, 42-ஆ என்று தோளில் வைத்துப் பார்க்கிறோம். செருப்புக் கடையில் இரண்டு காலிலும் மாட்டி நாலு அடி நடந்து பார்க்கிறோம். பல்லாயிரம் ரூபாய் சைக்கிளை மட்டும் போட்டோ பார்த்து வாங்குகிறோம்!

நம் அப்பா காலத்தில்கூட 22 இன்ச், 24 இன்ச் என்று ஃபிரேம் அளவு கேட்டுத்தான் வாங்கினார்கள். பெரிய சைக்கிளில் கால் எட்டாத பையன்கள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டார்கள். என் மைத்துனன் 41 வயதில் செய்ததும் கிட்டத்தட்ட குரங்கு பெடல்தான். அவன் உயரம் 5 அடி 5 அங்குலம். வாங்கிய ஃபிரேம் 56 சென்டிமீட்டர். அது ஆறடிக்காரருக்கான அளவு. 'அந்த சைஸ்ல மட்டும்தான் மாமா தள்ளுபடி இருந்துச்சு' என்றான்!

ஃபிரேம் பெரிதாக இருந்தால் ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்க வேண்டும். உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கும். அங்கே ஓடும் நரம்பு நசுங்கி சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகும். குனிந்தபடியே தலையைத் தூக்கிச் சாலையைப் பார்ப்பதால் கழுத்து பிடித்துக்கொள்ளும். கால் எட்டவேண்டுமே என்று சீட்டைக் கீழே இறக்கினால், ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அதிகமாக மடங்கி முன்பக்கம் வலிக்கும். சீட் அதிக உயரமாக இருந்தால் முட்டியின் பின்பக்கம் இழுக்கும். மைத்துனன் சொன்ன மூன்று வலிக்கும் காரணம் தெரிந்துவிட்டதா?

புத்தகமும் டேப்பும் போதும்

அளவு எடுப்பது கஷ்டமே இல்லை. செருப்பில்லாமல் சுவரோரம் முதுகை ஒட்டி நில்லுங்கள். ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவில், சீட்டில் உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி மேலே அழுத்திப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று தையல் டேப்பால் அளக்க வேண்டும். இதுதான் உங்கள் உள்கால் அளவு.

அதை 0.66-ஆல் பெருக்கினால் பந்தய சைக்கிளின் ஃபிரேம் அளவு ஏறக்குறைய வரும். 0.88-ஆல் பெருக்கினால், பெடல் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை இருக்கவேண்டிய உயரம் கிடைக்கும். மைத்துனனுக்கு உள்கால் அளவு 76. அப்படியென்றால் ஃபிரேம் 50. சீட் உயரம் 67. வாங்கியதோ 56! ஆறு சென்டிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்காதீர்கள். ஏழாம் நம்பர் காலுக்கு ஒன்பதாம் நம்பர் ஷூ போட்டுப் பாருங்கள், தெரியும்.

டேப் இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம்.

இந்தக் கணக்கெல்லாம் ஆரம்பம்தான். கடைக்குப் போய் ஏறி உட்கார்ந்து, பத்து நிமிடமாவது ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். நம் ஊரில் உங்கள் அளவு இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போய்ப் பாருங்கள். பஸ் செலவு வீண் இல்லை.

மெல்லிய டயர் மோகம்

'பந்தய சைக்கிள்னா டயர் நூல் மாதிரி இருக்கணும்' என்பது பழைய எண்ணம். ஒரு காலத்தில் டூர் டி பிரான்ஸ் வீரர்கள் 23 மில்லிமீட்டர் டயரில்தான் ஓட்டினார்கள். இன்று அவர்களே 28-க்கும் அதற்கு மேலும் மாறிவிட்டார்கள். கொஞ்சம் அகலமான டயர் அதிர்வை வாங்கிக்கொள்ளும்; வேகமும் குறைவதில்லை என்று கண்டுகொண்டதால் வந்த மாற்றம் இது. வழவழப்பான ஐரோப்பியச் சாலையில் ஓட்டுபவர்களுக்கே 28 என்றால், கிராமத்துக்குக் கிராமம் வேகத்தடை இருக்கும் நம் சாலைக்கு? என் கட்சி 32 மில்லிமீட்டர். டயரின் பக்கவாட்டிலேயே 700 x 32 என்று அச்சடித்திருப்பார்கள், பாருங்கள். இப்போது 28 போட்டிருந்தாலும், பிற்பாடு 32 போட ஃபிரேமில் இடம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

வால்வு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மைத்துனனுக்கு இரண்டாவது வாரமே காற்று இறங்கியது. தெருமுனை சைக்கிள் கடைக்காரர் பம்ப்பை எடுத்துவந்து பார்த்துவிட்டு, "இது என்ன சார், பேனா ரீஃபில் மாதிரி இருக்கு?" என்று கையை விரித்துவிட்டார். பந்தய சைக்கிள் பலவற்றில் வருவது பிரெஸ்டா என்ற ஒல்லி வால்வு. நம் ஊர்ப் பம்ப் அதற்குப் பொருந்தாது. பித்தளையில் சின்னதாக ஒரு அடாப்டர் விற்கிறது, மிகக் குறைந்த விலைதான். அதை மாட்டினால் பைக்குக்குக் காற்றடிக்கும் பம்ப்பிலேயே அடித்துக்கொள்ளலாம். அதோடு ஒரு உதிரி டியூப்பும் வாங்கிவிடுங்கள். அந்த அளவு டியூப் எல்லாக் கடையிலும் கிடைக்காது.

கியர் எத்தனை?

"21 கியர்ணே!" என்று பையன்கள் வாயைப் பிளக்கிறார்கள். முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7. பெருக்கினால் 21. அவ்வளவுதான்! அதில் பாதி ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சமம். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மலையா ஏறப்போகிறோம்? நமக்கு எதிரி மேடு இல்லை, எதிர்க்காற்றும் வெயிலும்தான். எண்ணிக்கையைவிட, களைத்துப்போன நேரத்தில் இலேசாக மிதிக்க ஒரு கியர் இருக்கிறதா என்பதே கேள்வி. பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் 30 அல்லது 32 பல் இருந்தால் போதும், முட்டி உங்களை வாழ்த்தும்.

ஹேண்டில்பார் வளைந்ததா, நேரானதா? தினமும் ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டுபவர், இடுப்பு வலி உள்ளவர், 50 வயதைத் தாண்டியவர், இவர்களுக்கு நேர் ஹேண்டில்பார் உள்ள ஹைப்ரிட் சைக்கிளே நல்லது. நீண்ட தூரம் போகும் ஆசை நிஜமாகவே இருந்தால், கையை மாற்றி மாற்றி வைக்க வளைந்த ஹேண்டில்பார் வசதி. பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வேண்டாம்.

ஃபிரான்சில் தொடங்கி இன்று நம் நாட்டிலும் நடக்கும் பிரவே என்ற நெடுந்தூரச் சவாரி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் 200 கிலோமீட்டரை முடிக்கக் கொடுக்கும் நேரம் பதிமூன்றரை மணி. கணக்குப் போட்டால் மணிக்கு 15 கிலோமீட்டர்கூட இல்லை! நம் பால்காரர் வேகம்தான். அங்கே ஜெயிப்பது வேகமான சைக்கிள் இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் வலிக்காத சைக்கிள்.

முதல் இரண்டு மாதம்... பழைய சைக்கிள்!

"முதல்லயே நல்லதா வாங்கிடணும்" என்று ஒரு கட்சி. "மலிவா ஒண்ணு வாங்கிப் பழகு, அப்புறம் நல்லது வாங்கலாம்" என்று இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் இல்லை. முதல் இரண்டு மாதம் எதுவுமே வாங்காதீர்கள் என்கிறேன்!

2001-ல் ஒரு பிரிவு மாணவிகளுக்கு ஆரம்பித்து, பிறகு பிளஸ் ஒன் மாணவ மாணவிகளுக்கெல்லாம் விரிந்தது அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம். அதில் வந்த சைக்கிள் ஒன்று உங்கள் வீட்டிலோ, சொந்தக்காரர் வீட்டிலோ மாடிப்படிக்கு அடியில் தூசு படிந்து நிற்கும். அதை எடுத்துக் கடையில் விடுங்கள். ஓவராயில் செய்து, வீல் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டையும் டியூப்பும் மாற்றினால் ஆயிரம், இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும். விழுப்புரத்தில் நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் பெண்ணின் பழைய சைக்கிள், முன்னால் கூடையோடு! தெருவில் நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே!

இரண்டு மாதம் வாரத்துக்கு நாலு நாள் ஓட்டியபிறகும் காலையில் உங்களுக்கே எழுந்திருக்கத் தோன்றினால் நீங்கள் புது சைக்கிளுக்குத் தயார். தோன்றாவிட்டால் 40 ஆயிரம் மிச்சம்! அதற்குள் எவ்வளவு தூரம் போகிறோம், எங்கே வலிக்கிறது, எந்தச் சாலை பிடிக்கிறது என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். கடைக்காரர் உங்களை ஏமாற்ற முடியாது.

வாங்கும்போது ஒரு கணக்கு. கையில் 100 ரூபாய் இருந்தால் சைக்கிளுக்கு 80. மீதி 20 ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, பம்ப், உதிரி டியூப், பூட்டு இவற்றுக்கு. விளக்கில்லாமல் விடியற்காலையில் கிளம்பவே கிளம்பாதீர்கள். முண்டியம்பாக்கம் பக்கம் கரும்பு வெட்டும் காலத்தில் டிராக்டர்கள் எப்படிப் போகும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதேபோல, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் நாற்கரச் சாலை 37 கிலோமீட்டர் வழவழவென்று இருக்கிறதே என்று முதல் மாதமே அதில் இறங்காதீர்கள். ஆம்னி பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் பறக்கிற இடம் அது. விழுப்புரத்துக்காரர்கள் செஞ்சி சாலையில் போகலாம். சுமார் 20 கிலோமீட்டரில் மண்டகப்பட்டு. மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. படிப்படியாகப் பழகி, மூன்றாவது மாதம் அங்கே போய் உட்கார்ந்து இட்லிப் பொட்டலம் பிரிக்கும் சுகமே தனி. திண்டிவனத்துக்காரர்களுக்கு மரக்காணம் சாலை. காலை ஏழரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் இன்னும் சீக்கிரம்.

பெண்களுக்கு...

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு ஓட்டினார்கள். ஆகவே, 'இந்த வயசில் எனக்கெதுக்கு' என்று சொல்லாதீர்கள் சகோதரிகளே! பார் தாழ்ந்த ஃபிரேமாகப் பாருங்கள். பந்தய சைக்கிள்களில் செயின் கவர் இருக்காது. சுடிதார் பேன்ட் சிக்கிக்கொள்ளும். கணுக்காலில் ஒரு ரப்பர் பட்டை போட்டுக்கொண்டால் பிரச்னை இல்லை. ஆண்களுக்கான ஒடுங்கிய சீட் உறுத்தினால், சகித்துக்கொள்ளாமல் அகலமான சீட் மாற்றச் சொல்லுங்கள். வீட்டுக்கு ஒரே சைக்கிள் என்றால் கணவர் அளவில் வாங்கிவிட்டு, 'நீயும் ஓட்டிக்கோ' என்பது அநியாயம்!

டாக்டரைப் பார்த்தீர்களா?

40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, பி.பி., இதய நோய் உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இன்சுலினோ, சில வகை சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மிதிக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, தலைச்சுற்றல் என்றால் உடனே நிறுத்துங்கள். பாக்கெட்டில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ எப்போதும் இருக்கட்டும். சர்க்கரைக்காரர்கள் செருப்போடு ஓட்ட வேண்டாம். விரல்களை மூடும் ஷூ போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தில் கொப்புளம், கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சின்னக் கொப்புளத்தில் ஆரம்பித்ததுதான் என் மாமனாரின் கதை. நெஞ்சில் அழுத்தம், இடது கையில் வலி என்றால் 'வாயுவாக இருக்கும்' என்று தொடர்ந்து மிதிக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிதான்.

மைத்துனன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? பொங்கலுக்குப் பிறகு அந்த 56-ஐ ஓர் உயரமான கல்லூரிப் பையனுக்கு 25 ஆயிரத்துக்குத் தள்ளிவிட்டோம். 17 ஆயிரம் நஷ்டம். என் பெண்ணின் கூடை வைத்த சைக்கிளை இரண்டு மாதம் அவனுக்குக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். அப்புறம் புதுச்சேரிக்கு இரண்டு பேரும் போய், ஏறி உட்கார்ந்து பார்த்து, 50 அளவில், 32 டயரோடு, நேர் ஹேண்டில்பாரில் ஒன்று வாங்கினோம். விலை முதல் சைக்கிளில் பாதிதான்.

இப்போது வாரத்தில் ஐந்து நாள் மரக்காணம் சாலையில் போய்த் திரும்புகிறான். கழுத்து வலி இல்லை. முட்டி வலி இல்லை. மூன்று மாத சராசரி சர்க்கரை 8.4-லிருந்து 7.1-க்கு வந்திருக்கிறது. மாத்திரையும் உண்டு, ராத்திரிச் சோற்றைக் குறைத்ததும் உண்டு. எல்லாப் பெருமையையும் சைக்கிளுக்கே கொடுக்க மாட்டேன். ஆனால் தங்கச்சி போன வாரம் போனில் சொன்னாள்: "அண்ணா, துணி காயப்போட இடம் இல்லாமப் போச்சு. ஒரு கொடி கட்டிக்கிட்டேன்!"

சைக்கிள் வாங்கும் எண்ணத்தில் இருக்கிறீர்களா? முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் தையல் டேப்பையும் எடுங்கள். கடைக்கு அப்புறம் போகலாம்.